மூன்று நாள், ஒரு சின்னத் தீவு: எக் போய் வருவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: லண்டனில் வேலை பார்க்கும் ஒருவர், மனைவி, எட்டு வயது மகளுடன் ஜூன் மாதம் ஸ்காட்லாந்து வருகிறார். கையில் மூன்று நாள், இழுத்தால் நாலு. கார் ஓட்டுவதில்லை. சைவம். “ஸ்கை தீவில் கூட்டம் தாங்கவில்லை என்கிறார்கள். அவசரப்படாமல் சுற்றிப்பார்க்க ஒரு சின்னத் தீவு சொல்லுங்கள். அங்கே போய் என்னதான் செய்வது, போரடிக்காதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.”

நான் கிளாஸ்கோவில் குடியிருப்பவன். இந்த மேற்குக் கரைத் தீவுகளில் சிலவற்றுக்குப் போயிருக்கிறேன். உங்கள் கணக்குக்குப் பொருந்துவது எக். முட்டைக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வோமோ அதே உச்சரிப்புதான். ஸ்கைக்குத் தெற்கே ‘சிறு தீவுகள்’ என்று நான்கு இருக்கின்றன: எக், மக், ரம், கன்னா. சேர்த்துச் சொன்னால் பிள்ளைகள் விளையாட்டுப் பாட்டு மாதிரி இருக்கும். எக் நீளவாக்கில் 9 கிலோமீட்டர், அகலவாக்கில் 5. ஊர்ச் சனம் நூற்றுச் சொச்சம். மெயின் ரோடு என்று ஒன்றே ஒன்று, ஒரு மளிகைக் கடை, ஒரு ஆரம்பப் பள்ளி. வெளியாட்கள் கார் கொண்டுவர அனுமதி இல்லை. ஆகவே உங்களுக்குக் கார் ஓட்ட வராதது இங்கே குறையே இல்லை.

போரடிக்குமா என்ற கேள்விக்கு, நான் முதல்முறை போன கதையைச் சொல்கிறேன். காலையில் போய் மாலையில் திரும்பும் திட்டம். நண்பர்கள் மூன்று பேர். இறங்கியதும் மலை ஏறினோம். மேகம் மூடிக்கொண்டது. உச்சியில் நின்று எங்கள் ஷூவை மட்டும் பார்த்தோம். படகுக்கு நேரமாயிற்று என்று வழுக்கி, விழுந்து, ஓடி இறங்கினால் துறையில் படகு இல்லை. இங்கே படகு தினம் ஒரே நேரத்துக்கு வராது. கிழமைக்குக் கிழமை மாறும். நான் கால அட்டவணையில் சனிக்கிழமை வரிசையைப் பார்த்து வைத்திருந்தேன். அன்றைக்குத் திங்கள். தப்பு முழுக்க என்னுடையது. நண்பர்கள் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்கள்.

கஃபேயில் இருந்தவர்கள் இரண்டு மூன்று போன் போட்டு, ஒரு வீட்டின் பின்கட்டில் படுக்க இடம் பிடித்துக் கொடுத்தார்கள். அதுவரை துறையில் இருந்த இரைச்சல் அடங்கிவிட்டது. ஜூன் மாதம் அங்கே பொழுது சாய இரவு பத்தேகால், பத்தரை ஆகும். மேகம் தானாகவே விலகியது. தீவின் மேற்குக் கரைக்கு நடந்து போய் உட்கார்ந்தோம். எதிரே ரம் தீவின் மலைகள், 800 மீட்டருக்கு மேல், கடலிலிருந்து நேராக எழுந்து நின்றன. ஒருவரும் பேசவில்லை. எங்களில் ஒருவன் எப்போதும் எதையாவது பேசிக்கொண்டே இருப்பவன். அவன் வாயை மூடிக்கொண்டிருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பகல் பூராவும் ஓடி ஓடிப் பார்க்காத தீவை, படகைத் தவறவிட்ட பிறகுதான் பார்த்தோம்.

அதனால் நான் யாருக்கும் எக்கைப் பகல் பயணமாகச் சொல்வதில்லை. இரண்டு இரவு, குறைந்தபட்சம். நடுவில் ஒரு முழுநாள் படகைப் பற்றிய நினைப்பே இல்லாமல் இருக்க வேண்டும்.

போகும் வழியே பாதிப் பயணம். லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து ஃபோர்ட் வில்லியத்துக்கு ராத்திரி ரயில் உண்டு, சனிக்கிழமை இரவு தவிர. காலை பத்து மணி வாக்கில் இறக்கிவிடும். அங்கிருந்து மலேக் துறைமுகத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். பகலில் வருவதென்றால் கிளாஸ்கோவிலிருந்து மலேக்குக்கு நேர் ரயில் இருக்கிறது, ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். வழியில் ரானக் சதுப்புவெளியைத் தாண்டும்போது கண்ணுக்கெட்டிய தூரம் வீடோ வேலியோ கிடையாது. கொரூர் என்ற நிலையத்துக்குப் பொதுச்சாலையே இல்லை. ரயிலில்தான் வர வேண்டும், அல்லது நடந்து. கிளென்ஃபினன் பாலம் 21 வளைவுகளோடு வளைந்து போகிறதே, சினிமாவில் எல்லோரும் பார்த்தது, அது ஃபோர்ட் வில்லியத்தைத் தாண்டித்தான் வரும். கிளாஸ்கோ ரயில் ஃபோர்ட் வில்லியத்தில் திசை திருப்பிக்கொண்டு கிளம்பும் என்பதால், அதுவரை இடப்பக்கம் இருந்தவர்கள் வலப்பக்கம் ஆகிவிடுவார்கள். பாலத்தில் ஏரி தெரிவது போகும் திசைக்கு இடப்பக்கம். இதற்காக ஒரு நீராவி ரயிலும் ஓடுகிறது. டிக்கெட் விலை அதிகம், கூட்டமும் அதிகம். சாதாரண ரயிலும் அதே தண்டவாளத்தில், அதே பாலத்தில்தான் போகிறது.

மலேக்கில் ஒரு இரவு தங்கிவிட்டுக் காலைப் படகைப் பிடிப்பது என் வழக்கம். ரயில் தாமதமானால் நெஞ்சு அடித்துக்கொள்ளாது. வானம் தெளிவாக இருந்தால் அந்தக் கரையிலிருந்து எக்கிப் பார்த்தாலே எக் தெரியும், திமிங்கலத்தின் முதுகுத் துடுப்பு மாதிரி ஒரு பாறையோடு. படகு நேராகப் போனால் ஒன்றேகால் மணி நேரம். மற்றத் தீவுகளைத் தொட்டுப் போகும் நாளில் இன்னும் கூட ஆகும். கோடையில் அரிசேக் என்ற பக்கத்து ஊரிலிருந்தும் ஒரு சின்னப் பயணிகள் படகு போகிறது. வழியில் கடற்பறவையோ திமிங்கலமோ கண்ணில் பட்டால் வேகத்தைக் குறைத்து நின்று காட்டுவார்கள். மகளை மேல்தளத்துக்கே கூட்டிப் போங்கள். தண்ணீரை ஒட்டிக் கூட்டம் கூட்டமாகக் கறுப்பு வெள்ளைப் பறவைகள் சிறகடிக்காமல் சாய்ந்து சாய்ந்து போகும். மாங்க்ஸ் ஷியர்வாட்டர் என்று பெயர். ரம் தீவின் மலை உச்சிகளில் வளை தோண்டி முட்டையிடுகின்றன. உலகத்திலேயே மிகப் பெரிய கூட்டங்களில் அது ஒன்று. குளிர்காலத்தைத் தென் அமெரிக்கக் கடலில் கழித்துவிட்டு வருபவை. நம்மைவிட நல்ல விடுமுறை.

இறங்கிய நாளில் எதுவும் திட்டம் போடாதீர்கள். பையைத் தங்குமிடத்தில் போட்டுவிட்டு வடக்கே கிளேடேல் பக்கம் நடங்கள். துறையிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர். ரோடு முதலில் காட்டுக்குள் போகும், அப்புறம் மேட்டில் ஏறும், பின்பு சட்டென்று ஒரு பெரிய அரைவட்டக் கிண்ணத்துக்குள் இறங்கும். மேலே செங்குத்தான பாறைச் சுவர், கீழே ‘கிராஃப்ட்’ எனப்படும் சிறு காணிகள், ஆடுகள், எதிரே கடல். மகளுக்குக் கால் வலித்தால் துறையருகே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், தீவுக்குள் டாக்ஸியும் உண்டு.

கிளேடேலுக்குக் கீழே இரண்டு கடற்கரைகள். தெற்கே இருப்பது லெய்க் விரிகுடா, நீளமான மணல். அந்த மணலில் கறுப்பும் வெள்ளையும் கலந்திருக்கும். கறுப்பு எரிமலைப் பாறையின் துகள், வெள்ளை குவார்ட்ஸ் மணற்கல்லிலிருந்து வந்தது. அலை வடியும்போது இரண்டும் தனித்தனியாகப் படிந்து மரக்கிளை மாதிரி கோலம் விழும். அடுத்த அலை வந்து அழித்துவிட்டு வேறு ஒன்று போடும். கரையோடு வடக்கே நடந்தால் மணற்கல்லில் பீரங்கிக் குண்டு போல உருண்டைக் கற்கள் பாதி புதைந்து கிடக்கும். சில ஆள் உட்காரும் அளவு. மனிதன் செதுக்கியது இல்லை. மணல் பாறையாக இறுகும் காலத்தில் சுண்ணாம்புச் சத்து ஒரு புள்ளியைச் சுற்றி உருண்டு கெட்டிப்பட்டது.

அதையும் தாண்டிப் போனால் ‘பாடும் மணல்’. காமஸ் ஸ்கியோடேக் என்பது ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் அதன் பெயர். பெயரைக் கேட்டு யாழும் குழலும் எதிர்பார்க்காதீர்கள். குதிகாலை அழுத்தி இழுத்து நடந்தால், புது ரப்பர் செருப்பு ஈரமான மொசைக் தரையில் கீச்சிடுமே, அந்தச் சத்தம். மணல்துகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவான, உருண்ட குவார்ட்ஸ். ஒன்றோடொன்று உரசும்போது கீச்சிடுகிறது. ஆனால் மணல் காய்ந்திருக்க வேண்டும். முதல் தடவை நான் மழைக்குப் பிறகு போய்க் கால் மணி நேரம் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தேன், ஒன்றும் கேட்கவில்லை. தூரத்தில் ஒரு ஆட்டுக்குட்டி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மறுமுறை, இரண்டு நாள் வெயிலுக்குப் பிறகு, கரையின் மேல்பகுதியில், அலை எட்டாத இடத்தில் கால் வைத்ததுமே கேட்டது. உங்கள் மகள் அங்கிருந்து லேசில் கிளம்ப மாட்டாள். ஒரு மணி நேரம் ஒதுக்கி வையுங்கள்.

இந்தக் கரைகளில் குனிந்தே நடப்பவர்களும் உண்டு, புதைபடிவம் தேடி. ஹியூ மில்லர் என்ற கல்தச்சர், தானாகவே நிலவியல் கற்றுப் பேர்பெற்றவர், 1844 கோடையில் படகில் வந்து இங்கே பழங்காலக் கடல் ஊர்வனவற்றின் எலும்புகளைக் கண்டெடுத்தார். அதற்குப் பிறகு நூற்றெழுபது வருஷத்துக்கு மேல் ஆராய்ச்சியாளர்கள் வந்து போனாலும் டைனோசர் மட்டும் அகப்படவில்லை. 2017-இல் எல்சா பான்சிரோலி என்ற தொல்லுயிரியலாளர், குழுவினரைப் பிடிக்கக் கரையோடு ஓடிக்கொண்டிருந்தபோது காலடியில் ஒரு எலும்பைத் தாண்டினார். அரை மீட்டர் நீளம், சுமார் 16.6 கோடி வருடப் பழசு, ஸ்டெகோசாரஸ் இனத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்று 2020-இல் அறிவித்தார்கள். நிதானமாகப் போங்கள் என்று இவ்வளவு நேரம் நான் சொல்கிறேன். அந்த அம்மா ஓடிக் கண்டுபிடித்திருக்கிறார். என்ன செய்வது. ஒன்று மட்டும்: படிவங்களைச் சுத்தியலால் தட்டிப் பெயர்த்து எடுக்கக் கூடாது. பார்க்கலாம், படம் எடுக்கலாம்.

இரண்டாம் நாள் வானம் திறந்திருந்தால் மலை. பெயர் ஆன் ஸ்கூர், உயரம் 393 மீட்டர். கிட்டப் போகும்போது மிரட்டும்; ஏறினால் அவ்வளவு கடினமில்லை. துறைப் பக்கத்திலிருந்து பார்க்கும் செங்குத்துச் சுவரில் பாதை கிடையாது. பாதை அந்தச் சுவரின் வடக்குப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய், ஒரு பிளவு வழியாக முகட்டில் ஏறி, அங்கிருந்து பாறைமேலேயே உச்சிக்குத் திரும்பும். பெரியவர்களுக்குப் போக வர மூன்று மணி நேரம் போதும். எட்டு வயதுப் பிள்ளையோடு, உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுப் போனால், நாலரை வைத்துக்கொள்ளுங்கள். கீழே சேறு இருக்கும். உச்சியின் ஓரத்தில் கைப்பிடி எதுவும் கிடையாது. மகளின் கையை விடாதீர்கள்.

இந்தப் பாறை எப்படி வந்தது என்பதை ஏறுமுன் மகளுக்குச் சொல்லிவிடுங்கள், ஏறும் ஆர்வம் கூடும். சுமார் 5.8 கோடி வருடம் முன்பு இது மலையாக இல்லை, பள்ளத்தாக்காக இருந்தது. ஆறு அறுத்த பள்ளம். அதில் எரிமலைக் குழம்பு வந்து நிறைந்து, பிட்ச்ஸ்டோன் என்ற கண்ணாடி போன்ற கறுப்புப் பாறையாக உறைந்தது. சுற்றி இருந்த பழைய எரிமலைப் பாறையான பசால்ட் அதைவிட மென்மை. மழையும் பனியும் பனியாறும் அதைத் தின்று தீர்த்தன. பள்ளத்தை நிறைத்தது மட்டும் எஞ்சி முகடாக நிற்கிறது. அப்பளம் பொரிந்தபின் குழி இருந்த இடம் மேடாகி நிற்குமே, ஏறக்குறைய அப்படி. பாறைக்கு அடியில் அந்தப் பழைய ஆற்றின் கூழாங்கல்லும், கல்லாகிப்போன மரத்துண்டுகளும் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. சுவரைக் கிட்ட நின்று பார்த்தால் அடுக்கடுக்காகத் தூண் நட்டதுபோல் இருக்கும். குழம்பு ஆறிச் சுருங்கும்போது விழுந்த வெடிப்புகள் அவை.

மேகம் மூடியிருந்தால் ஏறாதீர்கள். என் அனுபவம் மேலே இருக்கிறது. அன்றைக்கு அதே மலையின் தெற்கடிவாரத்தில் க்ரூலின் என்ற இடத்துக்குப் போங்கள். பாதை ஏறக்குறைய சமதளம். அங்கே வீடுகளின் அடித்தளக் கல் மட்டும் புல்லுக்குள் வரிசையாகத் தெரியும். 1853-இல் மேல் க்ரூலினில் இருந்த 14 குடும்பங்களையும் அப்புறப்படுத்தினார்கள். நிலத்தில் ஆடு மேய்த்தால் வருமானம் கூடும் என்ற கணக்கு. பெரும்பாலோர் கப்பலேறிக் கனடாவின் நோவா ஸ்கோஷியா போனார்கள். நான் நின்ற வீட்டின் வாசற்படி இன்னும் தேய்ந்த பள்ளத்தோடு இருந்தது. கதவு இருந்த இடத்தில் பெரணிச் செடி.

இதைச் சொன்னால்தான் அடுத்தது புரியும். எக் மக்களின் வீடு, வயல், கடை எல்லாவற்றுக்கும் கீழே இருந்த நிலம் காலங்காலமாக யாரோ ஒரு தனி ஆளுடையது. தீவோடு சேர்த்து விற்பார்கள், வாங்குவார்கள். 1975-இல் கீத் ஷெல்லன்பெர்க் என்ற தொழிலதிபர் வாங்கினார். 1995-இல் அது மருமா என்ற ஜெர்மானிய ஓவியர் கைக்குப் போனது. குடியிருப்பவர்களுக்கு நீண்ட கால குத்தகை கிடைக்காததால் வீட்டுக் கூரையைச் சரிசெய்யக்கூட யோசிக்க வேண்டிய நிலைமை. கடைசியில் தீவு மீண்டும் விலைக்கு வந்தபோது, அறுபது சொச்சம் பேர் சேர்ந்து தாங்களே வாங்குவது என்று இறங்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் சிறு சிறு தொகையாக அனுப்பினார்கள். பெயர் சொல்ல விரும்பாத ஒரு பெண்மணி பெருந்தொகை கொடுத்தார். விலை சுமார் 15 லட்சம் பவுண்டு. 1997 ஜூன் 12 அன்று தீவு அவர்கள் கைக்கு வந்தது. ஊர்மக்கள், ஹைலேண்ட் வட்டாரக் கவுன்சில், ஒரு வனவிலங்கு அறக்கட்டளை மூன்றும் சேர்ந்த ஒரு டிரஸ்டின் பெயரில் நிலம் இருக்கிறது.

ஒவ்வொரு வருஷமும் ஜூன் நடுவில் அதற்காக ஒரு ‘கேலி’ நடக்கும். நம்ம ஊர்க் கேலி இல்லை. பாட்டும் பிடிலும் விடிய விடிய ஆட்டமுமாக ஒரு விருந்து. உங்கள் தேதி ஒத்துவந்தால் தவறவிடாதீர்கள். ஆனால் அந்த வாரம் தங்க இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

வாங்கிய பிறகு செய்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது கரண்ட். கடலுக்கடியில் கேபிள் இழுத்து மெயின்லாண்டிலிருந்து கொண்டுவருவது கட்டுப்படியாகாது. 2008 பிப்ரவரி வரை வீட்டுக்கு வீடு டீசல் ஜெனரேட்டர்தான். அந்த மாதம் ஊரே சேர்ந்து சொந்த மின்சாரத்தைத் தொடங்கியது: ஓடைநீர், காற்று, சூரியன் மூன்றும் கலந்து, பேட்டரி வைத்து. குளிர்காலத்தில் மழையும் காற்றும், கோடையில் வெயில். போதாத நேரத்துக்கு மட்டும் டீசல். ஒரே ஒரு கட்டுப்பாடு: ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது, கடை, விடுதிகளுக்கு 10. மிஞ்சினால் தானே அணைந்துவிடும்.

இதைப் படித்தபோது தலையாட்டினேன். அனுபவித்தது சென்ற முறை. நாங்கள் எடுத்த குடிலின் அடுக்களையில் ஒரு சின்ன மீட்டர், எவ்வளவு ஓடுகிறது என்று எண் காட்டும். மனைவி அடுப்பின் இரண்டு தட்டிலும் சாதமும் சாம்பாரும் வைத்திருந்தாள். நான் காப்பிக்குக் கெட்டிலைத் தட்டினேன். கெட்டில் ஒன்றே மூன்று கிலோவாட்டை விழுங்கும். பொட்டென்று எல்லாம் அணைந்தது. சாம்பார் கொதிக்கிற சத்தம் மட்டும் இருட்டில் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் சொல்லி அனுப்ப, ஊர்க் கரண்டைப் பார்த்துக்கொள்பவர் ஒருவர் வந்து மறுபடி போட்டுவிட்டு, “கெட்டில்தானே?” என்று சிரித்தார். அதற்குப் பிறகு வரிசை வைத்தோம்: சாதம் இறங்கினால் சாம்பார், சாம்பார் இறங்கினால் காப்பி. நம்ம ஊரில் கரண்ட் போகும் நேரத்தை மின்வாரியம் முடிவு செய்யும். இங்கே கெட்டிலை எப்போது போடுவது என்று ஊரே கூடி முடிவு செய்திருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த மீட்டர் எண்ணைக் காவல் காக்கும் வேலையைக் கொடுங்கள். தொலைக்காட்சியே வேண்டியிருக்காது.

மற்ற இடங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கில்டோனன் என்ற மேட்டில் கூரையில்லாத பழைய தேவாலயம். புனித டோனனும் உடனிருந்த 52 துறவிகளும் 617-இல் இங்கே கொல்லப்பட்டதாக மரபு. கடல் பார்வைக்காகப் போகலாம். தெற்குக் கரையில் இரண்டு குகைகள். ஒன்று கதீட்ரல் குகை, கடல் வற்றும் நேரத்தில் மட்டும் நுழையலாம். மற்றது படுகொலைக் குகை. 1577 வாக்கில் ஸ்கையிலிருந்து பழிவாங்க வந்த மெக்லவுட் குலத்தார், குகைக்குள் ஒளிந்திருந்த எக்கின் மெக்டொனால்டு குலத்தாரைக் கண்டுபிடித்து வாயிலில் தீ மூட்டி மூச்சுமுட்டச் செய்தார்கள், 395 பேர் என்று சொல்லப்படுகிறது. வெளியே எட்டிப்பார்க்க வந்த ஒருவனின் காலடித்தடம் பனியில் காட்டிக்கொடுத்ததாம். 1814-இல் எழுத்தாளர் வால்டர் ஸ்காட் வந்தபோது உள்ளே கிடந்த ஒரு மண்டையோட்டைக் கையோடு எடுத்துப் போனார். வாய் குறுகல், தவழ்ந்துதான் போக வேண்டும், மேலிருந்து கல் விழவும் கூடும். பிள்ளையோடு போகிறீர்கள், நான் போக மாட்டேன்.

சாப்பாடு. துறையிலேயே கஃபே இருக்கிறது, கடையும் அதே கட்டிடத்தில். இரண்டும் பெரும்பாலும் படகு நேரத்தை ஒட்டித் திறந்திருக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு நம்பி இருக்காதீர்கள். அடுக்களை உள்ள இடமாகப் பார்த்துப் பிடியுங்கள். அரிசி, பருப்பு, ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி லண்டனிலிருந்தே வரட்டும். பால், காய்கறி, ரொட்டி மலேக் சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிக்கொள்ளலாம். மலை உச்சியில் புளிசாதம் சாப்பிட்டிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெர்மன் தம்பதிக்கும் ஒரு கை கொடுத்தோம். அறை முன்பதிவை இப்போதே செய்யுங்கள். ஜூனுக்கு மே மாதம் தேடினால் கிடைக்காது. கூடாரம் அடிக்கத் தெரிந்தால் அதுவும் வழி. 2003-இன் ஸ்காட்லாந்து நிலச்சட்டம் ஒழுங்காக நடந்துகொள்பவர்களுக்கு அந்த உரிமையைக் கொடுக்கிறது.

முக்கியமான எதிரி மிட்ஜ். கொசுவைவிட மிகச் சிறிய பூச்சி, கூட்டமாக வரும், காற்று நின்ற ஈரமான மாலையில் ஐந்து நிமிடம் வெளியே நின்றால் தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இருக்கும். லேசான காற்று அடித்தாலே பறக்க முடியாது என்பதால் கடற்கரையில் தொல்லை குறைவு, காட்டுக்குள் அதிகம். தலையில் போடும் சின்ன வலை ஒன்று வாங்குங்கள், கௌரவம் பார்க்காதீர்கள். தேதியை மாற்ற முடியுமானால் மே மாதம் இன்னும் நல்லது: மழை குறைவு, மிட்ஜ் அநேகமாக இல்லை, குயில் கூவும்.

இரண்டு இரவுக்கு நேரமே இல்லை, அல்லது அம்மா அப்பாவும் வருகிறார்கள், ஏற முடியாது என்றால் வேறு தீவு சொல்கிறேன். கீகா: மெயின்லாண்டிலிருந்து படகில் 20 நிமிடம், நடக்க எளிது, நல்ல தோட்டம் உண்டு, அதையும் ஊர்மக்கள் 2002-இல் வாங்கிவிட்டார்கள். கிளாஸ்கோவிலிருந்து ஒரே நாளில் போய் வர கிரேட் கம்ப்ரே: லார்க்ஸ் வரை ரயில், பத்து நிமிடப் படகு, தீவைச் சுற்றி 16 கிலோமீட்டர் சமதளச் சாலை, சைக்கிளில் பெரியவர்களும் சுற்றலாம். அயோனா அழகுதான், 563-இல் அயர்லாந்துத் துறவி புனித கொலம்பா வந்த இடம். ஆனால் பகலில் பேருந்துக் கூட்டம். அங்கேயும் ராத்திரி தங்கினால்தான் சரி.

திரும்பும் படகுக்கு மட்டும் அட்டவணையை இரண்டு தடவை பாருங்கள். நேரத்துக்கு முன்னால் கிழமையைப் பாருங்கள். காற்று பலமாக அடித்தால் படகு வராமலும் போகலாம், அதனால் லண்டன் ரயிலை அதே நாளில் போடாமல் மறுநாளுக்கு வையுங்கள். கையில் ஒரு நாளைக்கு அதிகமாகவே அரிசி இருக்கட்டும்.